கடல் கடந்த தீவுகளில் அமெரிக்க நீதி

போர்ட்டோ ரீக்கோத் தீவிலே அரேஸிபோ என்று ஓர் ஊர். அவ்வூரில் ‘எல் பலுவார்த்தே’ என்னும் தினசரியை நடத்திவந்த பத்திராதிபர் ஹேஸுஸ் பால்ஸாக், தீவின் கவர்னராயிருந்த யேகரைக் கடுமையாகத் தாக்கி இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். கவர்னர் தீவினரால் தேர்ந்தெடுக்கப்பட்டவரல்லர். வாஷிங்டனிலிருந்து ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவர். பத்திராதிபர்மீது இரண்டு அவதூறு வழக்குகள் தொடரப்பட்டன. தம்மை ஜூரி வைத்து விசாரிக்க வேண்டுமென்று பால்ஸாக் கோரினார். 1917-ம் வருஷத்துச் சட்டத்தினால் போர்ட்டோ ரீக்கோ மக்கள் அமெரிக்கப் பிரஜைகளாகியிருந்தார்கள். குற்றஞ் சாட்டப்பட்ட பிரஜைக்கு ஜூரி விசாரணையை அமெரிக்க அரசியல் சட்டம் உரிமையாகவே அளிக்கிறது. ஆயினும் அவருடைய கோரிக்கை மறுக்கப்பட்டது. ஒரு வழக்கில் ஐந்து மாதமும், மற்றதில் நான்கு மாதமும் சிறைத் தண்டனை கிடைத்தது. 1922-ல் வாஷிங்டன் ஸுப்ரீம் கோர்ட்டு அத்தண்டனையை உறுதிப்படுத்திற்று. நீதிபதிகளில் ஒருவரேனும் எதிர்த்து எழுதவில்லை. தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதிபதி டாஃப்ட். அவர் முன்பு அமெரிக்க ஜனாதிபதி. அதற்கும் முன்பு பிலிப்பைன்ஸ் தீவுகளின் கவர்னர். கவர்னரைத் தாக்கிய பத்திராதிபரின் அப்பீலுக்கு முன்னாள் கவர்னரே முடிவு கூறியதில் சட்டப்படி யாதொரு பிழையும் இல்லை. ஆனாலும் அதைக் கவனியாதிருக்க நம்மால் இயலவில்லை.

டாஃப்ட் கூறிய நியாயம் விசித்திரமானது. உரிமை மனிதனைப் பொறுத்ததன்று, அவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்றார் அவர். பால்ஸாக் கப்பலேறி நியூயார்க்கில் இறங்கினால் மற்றப் பிரஜைகளுக்குள்ள எல்லா உரிமைகளும் அவருக்கு உண்டு. ஊர் திரும்பினால் அவற்றுட் பலவற்றைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். மேலும், ஜூரி முறைக்கு நீண்டநாட் பழக்கமும் பயிற்சியும் தேவை என்றும், ஸ்பானியச் சட்டத்தின்கீழ் வளர்ந்த மக்கள்மீது அதைத் திணிக்கலாகாது என்றும் அவர் வாதித்தார். தமக்கு ஜூரி வேண்டுமென்று கேட்டு வந்தவரிடத்திலேயே இவ்வுபதேசம் செய்யப்பட்டது! இவ்வளவோடு அவர் நிற்கவில்லை. தீவில் அமெரிக்காவின் பெயரால், அமெரிக்க முத்திரையுடன் இயங்கிவந்த ஜில்லாக் கோர்ட்டுகூட அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் கண்ட உண்மையான அமெரிக்கக் கோர்ட்டு ஆகாது என்றும் சொல்லி வைத்தார்.

நூறாண்டு கடந்துவிட்டது. இத்தீர்ப்பை ஸுப்ரீம் கோர்ட்டு இன்னும் ரத்து செய்யவில்லை. போர்ட்டோ ரீக்கோ, குவாம், விர்ஜின் தீவுகள், வட மரியானாத் தீவுகள், அமெரிக்க ஸமோவா ஆகிய ஐந்து பிரதேசங்களில் சுமார் 36 லட்சம் மக்கள் அதன் நிழலில் வாழ்கிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. காங்கிரஸ் சபைக்கு அவர்கள் அனுப்பும் பிரதிநிதிக்குப் பேச வாயுண்டு. சட்டம் நிறைவேறும்போது கை தூக்கும் உரிமை கிடையாது. ஆட்சியில் பங்கில்லாத குடிகளுக்குக் கோர்ட்டு ஒன்றுதான் புகலிடம். அக்கோர்ட்டு எப்படிப்பட்டது என்பதை இங்கே ஆராய்வோம்.

1776-ல் அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் ஜார்ஜ் மன்னர்மீது குற்றப் பத்திரிகை ஒன்றைப் படித்தார்கள். அவர்களுடைய சுதந்திரப் பிரகடனம் என்பது பெரும்பாலும் அந்தக் குற்றப் பத்திரிகையே. அதில் நியாய பரிபாலனத்தைப் பற்றி முக்கியமான மூன்று குற்றங்கள் காணப்படுகின்றன. நீதிபதிகளின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் மன்னர் தம் சித்தத்துக்கு உட்படுத்தி வைத்திருக்கிறார் என்பது ஒன்று. பல வழக்குகளில் ஜூரி விசாரணையைப் பறித்துவிட்டார் என்பது மற்றொன்று. குடிகளைக் கடல் கடத்திக் கொண்டுபோய் விசாரிக்கிறார் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு தீவுகளின் கோர்ட்டுகளைப் பார்த்தால், மன்னர்மீது சாட்டிய குற்றங்களை மன்னரை விரட்டியவர்களே வேறு இடத்தில் செய்து வருவது புலப்படும்.

மன்னரிடம் பட்ட அனுபவத்தினாலேதான் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் மூன்றாம் பிரிவில் ஒரு காவல் வைத்தார்கள். நன்னடத்தை உள்ளவரை நீதிபதி பதவியில் இருப்பார்; அவர் பதவியிலிருக்கும்போது சம்பளத்தைக் குறைக்கலாகாது. ஆனால் நான்காம் பிரிவில் வேறொரு வாசகம் இருக்கிறது. அமெரிக்காவுக்குச் சொந்தமான பிரதேசத்தையும் ஏனைய சொத்துக்களையும் பற்றித் தேவையான விதிகளைச் செய்யும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு என்பது அது. நிலமும் பண்டமும் மனிதரும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டனர்.

இவ்விரு பிரிவுகளும் மோதிய முதற் பெரிய வழக்கு பஞ்சைப் பற்றியது. பிளாரிடாக் கரையோரம் உடைந்த கப்பலிலிருந்து மீட்கப்பட்ட 356 மூட்டைப் பஞ்சைக் கீவெஸ்ட் ஊரிலிருந்த ஒரு பிரதேசக் கோர்ட்டு ஏலம் போடச் செய்தது. அக்கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வி 1828-ல் பிரதம நீதிபதி மார்ஷலிடம் வந்தது. பிளாரிடாவின் உயர் கோர்ட்டு ஜட்ஜுகள் நான்கு வருஷத்துக்கே பதவி வகித்தவர்கள். ஆதலால் அவை மூன்றாம் பிரிவுக் கோர்ட்டுகளல்ல, காங்கிரஸ் தன் சட்டத்தால் படைத்த கோர்ட்டுகள் என்றும், எனினும் அவை செல்லும் என்றும் மார்ஷல் தீர்த்தார். அன்றைய நிலைமையில் இதை நாம் பெரிதாகக் குறை சொல்ல மாட்டோம். 1787 முதல் அமெரிக்காவின் பிரதேசங்கள் ராஜ்யங்களாவதற்குக் காத்திருந்த இடங்கள். பிளாரிடாவும் 1845-ல் ராஜ்யமாயிற்று. கல்யாண வீட்டுப் பந்தல் நாலு நாளைக்குத்தானே. அதற்குக் கருங்கல் அஸ்திவாரம் யாரும் கேட்கமாட்டார்கள்.

1898-ல் ஸ்பெயினோடு நடந்த யுத்தம் இந்நிலைமையை மாற்றிவிட்டது. போர்ட்டோ ரீக்கோவும் குவாமும் பிலிப்பைன்ஸும் அமெரிக்காவின் கைக்கு வந்தன. ஸ்பெயினுக்குப் பிலிப்பைன்ஸின் பொருட்டு இரண்டு கோடி டாலர் கொடுக்கப்பட்டது. இத்தீவுகளை ராஜ்யங்களாக்கும் எண்ணம் வாஷிங்டனுக்கு இல்லை, விட்டுவிடவும் மனமில்லை. அரசியல் சட்டம் கொடியைத் தொடர்ந்து செல்லுமா என்ற வாதம் எழுந்தது. அதற்கு விடை கூறியது ஓர் ஆரஞ்சுப் பழ வழக்கு. போர்ட்டோ ரீக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஆரஞ்சுப் பழங்களுக்கு 659 டாலர் 35 ஸென்டு சுங்கம் வாங்கினார்கள். உள்நாட்டுப் பழத்துக்குச் சுங்கம் ஏது என்று வியாபாரி கேட்டார். 1901-ல் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, சுங்கம் செல்லும் என்று ஸுப்ரீம் கோர்ட்டு முடிவு கட்டியது. அன்னிய தேசங்களின் பார்வையில் தீவு அமெரிக்காவினுடையது. அமெரிக்காவின் வீட்டுக்குள்ளேயோ அது அன்னியம். நீதிபதி வொயிட்டின் சித்தாந்தம் இது. நீதிபதி பிரௌன் இன்னும் வெளிப்படையாகவே எழுதினார். தீவுகளில் வாழ்பவர்கள் வேற்று இனத்தார், அவர்களுடைய மதமும் வழக்கமும் வேறு, ஆங்கிலோ-ஸாக்ஸன் நீதி முறைகள் அங்கே சில காலத்துக்குப் பொருந்தாமற் போகலாம் என்றார். 1896-ல் நீக்ரோக்களுக்குத் தனி ரெயில் வண்டி வைப்பது சட்டப்படி சரியே என்று தீர்ப்பெழுதிய அதே பிரௌன்தான் இவர். அந்தத் தனி வண்டிச் சித்தாந்தத்துக்கு 1954-ல் ஸுப்ரீம் கோர்ட்டே சாவுமணி அடித்தது. தீவுகளைப் பற்றிய சித்தாந்தம் மாத்திரம் தீர்க்காயுசு பெற்றுவிட்டது.

இரண்டு வழக்கிலும் எதிர்த்து எழுதியவர் நீதிபதி ஹார்லன். காங்கிரஸே அரசியல் சட்டத்தினால் பிறந்தது, தன்னைப் பெற்றதை எட்டி நிறுத்திவிட்டு அது எங்கும் ஆட்சி செய்ய முடியாது என்பதே 1901-ல் அவர் கூறியதன் சாரம். 1904-ல் பிலிப்பைன்ஸிலிருந்து மற்றொரு வழக்கு வந்தபோதும் அவர் தனித்து நின்றார். மானிலாவில் பத்திரிகை நடத்திய இருவர், அரசாங்கக் கமிஷன் அங்கத்தினர் ஒருவரைப் பழித்து எழுதியதற்காக ஜூரியின்றித் தண்டிக்கப்பட்ட வழக்கு அது. அதுவும் உறுதியாயிற்று. ஜூரி உரிமையைத் தீவுகளில் குறைத்த இவ்விரு பிரபல வழக்குகளிலும் தண்டனை அடைந்தவர்கள் பத்திராதிபர்கள், பழிக்கப்பட்டவர்கள் அதிகாரிகள். அதிகாரியின் மானத்தை எடைபோடப் பன்னிரண்டு ஊர்க்காரர்களைக் கூப்பிட்டால் என்ன நேரும் என்பது யாவரும் அறிந்ததே.

இனி இன்றைய ஏற்பாட்டைப் பார்ப்போம். குவாமில் ஒரு ஜில்லா ஜட்ஜு. வட மரியானாவில் ஒருவர். விர்ஜின் தீவுகளில் இருவர். சமஷ்டிச் சட்டத்தை மீறியவர்களைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தில் இவர்கள் பெருநிலத்து ஜட்ஜுக்குக் குறைந்தவர்களல்லர். பதவிக் காலமோ பத்து வருஷம். காரணம் காட்டி ஜனாதிபதி அதற்கு முன்பே நீக்கலாம். பத்து வருஷம் முடிந்த பிறகு, அடுத்தவர் வரும்வரை பழையவரே நீடிக்கலாம். இந்தக் கடைசி விதியை வாசகர்கள் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். காலம் முடிந்தும் நாற்காலியில் இருக்கும் ஜட்ஜுக்கு மறு நியமனம் கிடைப்பதும் கிடையாததும் ஜனாதிபதியின் கையில் இருக்கிறது. அந்த ஜனாதிபதியின் சர்க்காரே அவர்முன் அன்றாடம் வாதியாக வந்து நிற்கிறது. இவ்வளவு இருந்தும் தீவுகளின் ஜட்ஜுகள் நேர்மையாகவே நடக்கலாம், நடந்துமிருக்கலாம். நாம் மனிதரைக் குறை கூறவில்லை. நேர்மை மனிதருடைய குணத்தை மட்டும் நம்பி நிற்கக்கூடாது என்பதற்காகத்தானே மூன்றாம் பிரிவு எழுதப்பட்டது?

இந்த வேற்றுமை பெயரளவில்தான் என்று சொல்வோருக்கு 2003-ம் வருஷத்து வழக்கு ஒன்று தக்க விடையளிக்கும். குவாமில் போதை மருந்துக் குற்றத்துக்காக இருவர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுடைய அப்பீலை விசாரிக்க அப்பீல் கோர்ட்டார் மூவர் குவாமிலேயே கூடினர். மூவரில் ஒருவர் வட மரியானாத் தீவுகளின் தலைமை ஜட்ஜு. மூவரும் ஒருமனதாகத் தண்டனையை உறுதி செய்தனர். ஸுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அந்த முடிவைத் தள்ளிவிட்டது. ஆயுட்காலப் பதவியற்ற ஜட்ஜு அப்பீல் கோர்ட்டில் அமரத் தகுதியில்லை, அவர் அமர்ந்ததால் விசாரணையே செல்லாது என்று கூறிவிட்டது. சட்டப்படி இத்தீர்ப்பு முற்றும் சரியானதே. ஆனால் இதன் பொருள் என்ன? அப்பீல் மேடையில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் கோர்ட்டின் தூய்மை கெட்டுப்போகுமாம். அதே மாதிரியான ஜட்ஜு தீவின் குடியானவனை இருபது வருஷம் சிறைக்கு அனுப்பினால் ஒன்றும் கெடாதாம்!

அமெரிக்க ஸமோவாவின் கதை வேறு. அங்கே சமஷ்டி ஜில்லாக் கோர்ட்டே கிடையாது. ஹைகோர்ட்டு ஒன்று உண்டு. அதன் பிரதம நீதிபதியை நியமிப்பவர் வாஷிங்டனிலுள்ள உள்நாட்டு இலாகா மந்திரி. காரணம் காட்டி நீக்குபவரும் அவரே. அரசாங்கப் பூங்காக்களையும் சுரங்க நிலங்களையும் பார்த்துக்கொள்ளும் இலாகாவில் ஒரு தீவின் பிரதம நீதிபதியும் ஓர் இனமாக அடங்கியிருக்கிறார். சமஷ்டிச் சட்டத்தின்கீழ்ப் பெரிய குற்ற வழக்கு எழுந்தால், குற்றவாளியைச் சுமார் 2,600 மைலுக்கு அப்பால் ஹானலூலுவுக்கோ அல்லது வாஷிங்டனுக்கோ கொண்டுபோகிறார்கள். ஸமோவாவில் ஆடைத் தொழிற்சாலை வைத்து, வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரவழைத்த இருநூறுக்கு மேற்பட்ட தொழிலாளரை அடிமைகள்போல் அடைத்து வேலை வாங்கிய ஒரு முதலாளியின் வழக்கு இப்படித்தான் ஹவாயில் நடந்தது. 2005-ல் அவனுக்கு நாற்பது வருஷச் சிறை விதித்தார்கள். தண்டனை மிகத் தகுந்ததே. ஆயினும் குற்றம் நடந்த ஊரார் ஒருவரும் ஜூரியில் அமரவில்லை. கடல் கடத்தி விசாரிப்பது என்று 1776-ல் அவர்கள் எதைச் சொன்னார்களோ அதுவே இது.

ஸமோவா விஷயத்தில் ஒரு சங்கடம் இருப்பதையும் மறைக்கலாகாது. ஸமோவியர்கள் பிறப்பால் அமெரிக்கப் பிரஜைகளுமல்லர். விசுவாசம் மட்டும் செலுத்தக் கடமைப்பட்டவர்கள். ஊட்டா ராஜ்யத்தில் வாழும் ஸமோவியர் மூவர் பிரஜாவுரிமை கோரி 2019-ல் ஜில்லாக் கோர்ட்டில் வெற்றி பெற்றார்கள். டென்வரிலுள்ள அப்பீல் கோர்ட்டு 2021-ல் அதை மாற்றிவிட்டது. அவ்வழக்கில் உரிமை வேண்டாமென்று வாதாடியவர்களில் ஸமோவாவின் சர்க்காரும் ஒன்று! காரணம் உண்டு. அங்கே நிலம் பெரும்பாலும் குலத்துக்குப் பொது. மத்தாய் எனப்படும் குலத் தலைவர் அதை நிர்வகிக்கிறார். பாதி ரத்தமேனும் ஸமோவியர் அல்லாதவருக்கு அதை விற்கலாகாது. அமெரிக்க அரசியல் சட்டம் முழுமையும் வந்து இறங்கினால் இவ்விதி இனபேதம் என்று தள்ளப்பட்டு, நிலம் அன்னியர் கைக்குப் போய்விடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். ஹவாய்த் தீவினரின் நிலம் போன வழியைக் கண்டவர்களுக்கு இந்த அச்சம் வீண் அச்சமாகத் தோன்றாது. ஆகவே, அவர்களை இழிவுபடுத்தப் பிறந்த சித்தாந்தமே அவர்களுடைய வேலியாகவும் நிற்கிறது.

ஆனால் அந்த வேலி எல்லாருக்கும் நிற்பதில்லை. வட மரியானாவில் நிலம் தீவினருக்கே என்ற விதியை 1990-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் தலைமையிடம் கொண்ட அப்பீல் கோர்ட்டு இதே சித்தாந்தத்தின் பேரில் காப்பாற்றியது. குவாம் மக்களுக்கோ அவ்வதிர்ஷ்டம் இல்லை. ராஜ்யமாவதா, சுதந்திரம் பெறுவதா, அமெரிக்காவோடு உடன்படிக்கை உறவு கொள்வதா என்பதைப் பற்றித் தீவின் ஆதிகுடிகளும் அவர்கள் வழிவந்தோரும் மட்டும் வாக்களித்துத் தங்கள் கருத்தை வெளியிட ஒரு சட்டம் செய்திருந்தார்கள். அப்படி வாக்குரிமையை ஒரு சாராருக்கு ஒதுக்குவது இனபேதம் என்று 2019-ல் அதே அப்பீல் கோர்ட்டு அதைத் தடுத்துவிட்டது. ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க அரசியல் சட்டம் அவர்களுக்கு உதவவில்லை. தங்கள் விருப்பத்தைத் தாங்களே கேட்டறிய முயன்றபோது குறுக்கே வந்து நின்றது. எவ்வுரிமை கடல் தாண்டும், எது தாண்டாது என்று தீவினர் முன்கூட்டி அறியவொட்டாத நிலைமையே இதிலுள்ள பெருங் கொடுமை என்பது நம் கருத்து. நில உரிமையைக் காக்க வேண்டுமானால் ஸமோவியரோடு கலந்து, அவர்கள் சம்மதத்தோடு, வெளிப்படையான உடன்படிக்கையால் காக்கலாம். 1901-ம் வருஷத்து அவமதிப்பை நூறாண்டு போற்றி வைப்பதால் அல்ல.

போர்ட்டோ ரீக்கோவுக்குத் திரும்புவோம். அங்கே 1900-ல் சமஷ்டிக் கோர்ட்டு ஏற்பட்டபோது ஜட்ஜுக்கு நான்கு வருஷப் பதவி; 1938-ல் அது எட்டாயிற்று; 1966-ல்தான் மூன்றாம் பிரிவின் ஆயுட்காலப் பதவி கிடைத்தது. இன்று ஏழு ஜட்ஜுகளுக்கு அங்கே இடமுண்டு. அப்பீல் பாஸ்டனுக்குப் போகிறது. காங்கிரஸ் மனம் வைத்தால் ராஜ்யமாகாத பிரதேசத்திலும் மூன்றாம் பிரிவுக் கோர்ட்டு வைக்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி. குவாமுக்கும் விர்ஜின் தீவுகளுக்கும் அது ஏன் கூடாது என்பதற்கு இதுவரை நேர்மையான பதில் வந்ததாக நாம் அறியோம்.

ஆனால் ஜட்ஜின் நாற்காலி உறுதிப்பட்டுவிட்டதால் குறை தீர்ந்துவிடவில்லை. தீவினரின் மொழி ஸ்பானிஷ். சமஷ்டிக் கோர்ட்டின் நடவடிக்கைகள் யாவும் இங்கிலீஷில் நடக்க வேண்டுமென்பது 1900 முதல் உள்ள சட்டம். இங்கிலீஷ் போதிய அளவு அறியாதவர் ஜூரியில் அமர முடியாது. ஆகவே தீவினரில் பெரும்பாலோர் தம் அண்டை வீட்டாரை விசாரிக்கும் ஜூரிக்குத் தகுதியற்றவராகிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனோ தன் தலைவிதி விவாதிக்கப்படுவதை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்தத் துன்பத்தை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

தீவின் 1952-ம் வருஷத்து அரசியல் சட்டம் மரண தண்டனையை அறவே விலக்கியிருக்கிறது. 1927-க்குப் பிறகு அங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் சமஷ்டிச் சட்டத்தின் பேரில் அத்தீவிலேயே மரண தண்டனை கேட்கலாம் என்று 2001-ல் பாஸ்டன் அப்பீல் கோர்ட்டு கூறிவிட்டது. அதன்படி இருவருடைய உயிரைக் கேட்டு நடந்த வழக்கில் 2003-ல் ஸான் ஹுவான் ஜூரிகள் அவ்விருவரையுமே விடுதலை செய்தார்கள். டாஃப்ட் எந்த ஜூரி முறைக்கு இம்மக்கள் பழகவில்லை என்றாரோ, அந்த ஜூரியின் வாயிலாகத்தான் தீவின் குரல் அன்று கோர்ட்டில் கேட்டது.

1953-ல் போர்ட்டோ ரீக்கோ தன்னைத்தானே ஆண்டுகொள்கிறது என்று அமெரிக்கா ஐக்கிய நாடுகள் சபையில் வாதித்து, அது அடிமைப் பிரதேசங்களின் ஜாபிதாவிலிருந்து நீங்கச் செய்தது. 2016-ல் ஸுப்ரீம் கோர்ட்டு வேறு கதை சொல்லிற்று. ஒரே குற்றத்துக்குச் சமஷ்டி சர்க்காரும் ராஜ்யமும் தனித்தனியே வழக்குத் தொடரலாம். ஆனால் போர்ட்டோ ரீக்கோ அப்படிச் செய்யக்கூடாது. ஏனெனில் அதன் அதிகாரத்துக்கு மூலம் வாஷிங்டன் காங்கிரஸே என்றது. உலகத்தாரிடம் ஒன்று, கோர்ட்டில் ஒன்று!

2022 ஏப்ரலில் மற்றுமொரு தீர்ப்பு வந்தது. நியூயார்க்கில் இருந்தபோது உடல் ஊனத்துக்காகச் சர்க்கார் உதவித் தொகை பெற்றுவந்த ஒருவர், 2013-ல் போர்ட்டோ ரீக்கோவுக்குக் குடிவந்தார். தீவில் வசிப்போருக்கு அத்தொகை கிடையாதென்று 28,000 டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டு அமெரிக்க சர்க்கார் வழக்குத் தொடுத்தது. எண்மருக்கு ஒருவர் என்ற கணக்கில், காங்கிரஸ் அவ்விதம் வேற்றுமை செய்யலாம் என்று ஸுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. எதிர்த்தவர் ஸோட்டோமாயோர், போர்ட்டோ ரீக்கோவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் புதல்வி. தீர்ப்புக்கு உடன்பட்ட நீதிபதி கோர்ஸச்சும் தனியே ஒன்று எழுதினார். 1901-ம் வருஷத்து வழக்குகளுக்கு அரசியல் சட்டத்தில் ஆதாரமே இல்லை, இன இறுமாப்பே அவற்றின் அடிப்படை, அவற்றை ஒழிக்கும் நாள் வரவேண்டும், தக்க வழக்கு வந்தால் செய்வோம் என்னும் கருத்துப்பட எழுதினார்.

தக்க வழக்கு ஆறு மாதத்திலேயே வந்தது. ஊட்டாவின் ஸமோவியர் மூவரும் டென்வர் தீர்ப்பின்மேல் வாஷிங்டனுக்கு மனுச் செய்துகொண்டிருந்தார்கள். 2022 அக்டோபரில் ஸுப்ரீம் கோர்ட்டு அந்த மனுவை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. காரணம் ஒன்றும் கூறவில்லை.